சின்னம்மிணி தீட்டிய கத்தி

நம் மகளிர் குழுவில் புதிதாகச் சேர்ந்து மிசினில் நிற்கப் போகிற உங்களிடம் நான் ஏதாவது பேச வேண்டும் என்று தலைவி சொல்லிவிட்டாள். பேசுகிறேன். ஆனால் மிசினில் சுற்றுகிற உப்புத்தாள் பெல்ட்டில் எதை எதற்குப் போடுவது, கத்தியை எவ்வளவு சாய்த்துப் பிடிப்பது என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. நான் பேசப் போவது பொறாமையைப் பற்றி. கத்தி தீட்டுகிற கடையில் பொறாமைக்கு என்ன வேலை என்று சிரிக்கிறவள் இப்போதே சிரித்து முடித்துவிடட்டும். ஒரே கடையில் இரண்டு மிசின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு பெண்களை ஓட்ட விட்டுப் பாருங்கள். ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

நம் கடை வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்குப் போகிற வழியில், தீவனக் கடைக்கு அடுத்து இருக்கிறது. அதை ஆரம்பித்தது நானும் ஈஸ்வரியும். ஈஸ்வரி என் கொழுந்தனாரின் மனைவி, எனக்கு ஓரகத்தி. ஒரே ஊட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள் என்பதால் சந்தைக்கு வருகிறவர்கள் என்னைப் பெரியம்மிணி என்றார்கள், அவளைச் சின்னம்மிணி என்றார்கள். வயதை வைத்து வந்த பெயர். வேலையை வைத்துப் பெயர் வைத்திருந்தால் எது எவளுக்குப் போயிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க கோயமுத்தூரிலிருந்து ஒரு மாஸ்டர் வந்தார். கறாரான மனுசன். மிசினைத் தொடுவதற்கு முன்னால் பக்கத்தில் தண்ணீர் வாளி இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லாவிட்டால் அன்றைக்குப் பாடம் கிடையாது. "மிசினுக்குக் கண்ணு கெடையாது, வெக்கமும் கெடையாது. கல்லுல தீட்டுனா தப்பு மெதுவா நடக்கும், பாத்துத் திருத்திக்கலாம். பெல்ட்டுல கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள நடந்துரும்" என்பார். கையுறை போட விட மாட்டார். விரலில் சூடு தெரிய வேண்டும், விரல் சுடும்போதெல்லாம் கத்தி அதற்கு முன்னாலேயே சுட்டிருக்கும் என்பது அவர் கணக்கு. பயிற்சி முடிந்த அன்று என் கத்தியைத் தூக்கிப் பிடித்து, எல்லோருக்கும் காட்டி, "கோடு கிழிச்ச மாதிரி இருக்குது பாருங்க" என்று சொன்னார். ஈஸ்வரியின் கத்தியை எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தார். அன்றைக்கு ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தத் தூக்கம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. கடை திறந்து கொஞ்ச நாளிலேயே வருகிறவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், "சின்னம்மிணி இல்லீங்களா?" என்று. நான் மிசின் பக்கத்தில் குத்துக்கல் மாதிரி நின்றுகொண்டிருப்பேன். என்னைத் தாண்டி எட்டிப் பார்ப்பார்கள். "டீ குடிக்கப் போயிருக்கறா, குடுங்க நான் பாத்துக் குடுக்கறேன்" என்றால், "பரவாயில்லீங்க, சித்த நேரம் நின்னு வாங்கிக்கறேன்" என்பார்கள். அப்படி நிற்கிறவர்களுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டதும் நான்தான்.

எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். ஒரே ஒரு ஆள், மழுங்கிய கத்திரிக்கோலைக் கொண்டுவருகிற தையல்காரனாக இருந்தாலும் சரி, வாசலில் நின்று "பெரியம்மிணி இருக்கறாங்களா?" என்று கேட்க வேண்டும். கடையில் நான் நின்ற காலம் முழுக்க ஒருத்தர் கேட்கவில்லை.

அவளிடம் என்ன இருந்தது என்று நான் ரொம்ப யோசித்திருக்கிறேன். கைராசி என்று ஊர் சொல்லும். கைராசியாவது மண்ணாங்கட்டியாவது! நான் வந்த கத்தியைப் பார்ப்பேன். அவள் கத்தியைப் பார்ப்பதற்கு முன்னால் கொண்டுவந்தவர் கையைப் பார்ப்பாள். "எதுக்குங்க இத வெச்சிருக்கறீங்க? எப்பிடி வெட்டுவீங்க, காட்டுங்க பாக்கலாம்" என்பாள். கல்யாணச் சமையல்காரர் ஒருவர் வெட்டுகத்தி கொண்டுவந்தால், பூசணிக்காய்க்கா, பீன்ஸுக்கா என்று கேட்காமல் தொட மாட்டாள். நான் ஓட்டிய கத்தி நேராக இருக்கும். அவள் ஓட்டிய கத்தி வெட்டும். இதைச் சொல்ல எனக்கு எத்தனை வருசம் ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்?

ஒரு கவாத்து சமயத்தில் மூணாறுப் பக்கம் ஓர் எஸ்டேட்டிலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். தேயிலைச் செடி வளர்ந்து தடித்துப்போனால் தலையை வெட்டிவிடுவார்கள், அதுதான் கவாத்து. ஒரு மிசினைச் சாக்கில் கட்டிக்கொண்டு உடுமலை வழியாக பஸ்ஸில் போய், அங்கிருந்து ஜீப்பில் மேலே ஏறினோம். போய் இறங்கியதுமே நான் மிசினை மாட்டி வேலையை ஆரம்பித்துவிட்டேன். ஈஸ்வரி சால்வையைப் போர்த்திக்கொண்டு, "சித்த இருங்கக்கா, ஒரு எட்டு தேயிலைக் காட்டுக்குப் போயிட்டு வந்தர்றேன்" என்று ஒரு தொழிலாளியோடு நடந்துவிட்டாள். வேலைக்கு வந்த இடத்தில் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறாள் பாரேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். கத்திகளைப் பளபளவென்று தீட்டி வரிசையாக அடுக்கினேன்.

திரும்பி வந்தவள் என் வரிசையைப் பார்த்தாள். "அக்கா, கத்தி வாய இத்தன மெல்லிசா எடுக்காதீங்க. அவங்க வெட்டறது செடி இல்லீங்க, கட்டை" என்றாள். கூட வந்த தொழிலாளி ஒரு கத்தியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஆமா தாயி. இந்தக்கா தீட்டுனது சவரம் பண்ணத்தான் லாயக்கு. ரெண்டு வீச்சு வீசுனா வாய் தெறிச்சுப் பல்லு விழுந்துரும்லா" என்றார். நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் குளிரிலும் எனக்கு வயிறு எரிந்தது.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். கடையில் பலகைப் பக்கம் என் இடத்தை மாற்றிக்கொண்டேன். நம் பக்கத்தில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம், கொடுத்தால் சண்டை வரும். அதனால் தீட்டிய கத்தியை வாசல் பலகை மேல் வைப்போம், வந்தவர் அங்கிருந்து எடுத்துக்கொள்வார். அந்தப் பலகைப் பக்கம் உட்கார்ந்தால் ஈஸ்வரியின் கத்தி ஒவ்வொன்றும் என் கண் முன்னால் வந்துதானே வெளியே போக வேண்டும்? ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்பேன். நகத்தின் மேல் வைத்து இழுப்பேன். வெளிச்சத்தில் பிடித்து வாயில் பிசிறு இருக்கிறதா என்று தேடுவேன். ஏதாவது ஒரு குற்றம், கடுகளவு இருந்தாலும் போதும், கண்டுபிடித்துவிட வேண்டும் என்று வெறி. இருந்தால், "ஈஸ்வரி, இதுல பிசுறு நிக்குது" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரிச் சொல்வேன். அவள் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு போய்ச் சரி செய்வாள். இல்லாவிட்டால் கையை எடுத்துவிடுவேன். பலகைப் பக்கம் நிற்கிறவர் எடுத்துக்கொண்டு போவார். குற்றம் கிடைக்காத நாளில் எனக்குச் சோறு இறங்காது.

இனி ஆறுச்சாமி விசயத்துக்கு வருகிறேன். உங்களிடம் பேச ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான்.

ஆறுச்சாமி கேரளத்துச் சித்தூர்ப் பக்கத்துத் தோப்புகளில் தென்னை மரத்துக் கள் இறக்குகிறவர். கள் இறக்குகிறவர்களின் கத்தியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாளையின் நுனியைத் தினமும் இலை கனத்துக்குச் சீவ வேண்டும். சீவல் சுத்தமாக விழாமல் பாளை நசுங்கினால் கள் நின்றுபோகும். அதனால் அந்தக் கத்தியை அவர்களே வெள்ளை வெங்கச்சாங்கல் பொடி தூவிய மரக்கட்டையில் தேய்த்துத் தேய்த்து வைத்திருப்பார்கள். கட்டின பெண்டாட்டி தொடுவதற்குக் கூட விட மாட்டார்கள். அப்படிப்பட்ட மனுசன் ஒரு சந்தை நாளன்று, கூட்டம் பிதுங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில், துணியில் சுற்றிய கத்தியோடு வந்து நின்றார். வந்ததும் என்ன கேட்டார்? "சின்னம்மிணி இல்லீங்களா?" அவர் எங்கள் கடைக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. அவள் பேர் தென்னை மரத்து உச்சி வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது!

துணியைப் பிரித்தார். கத்தியின் வாயில் நடுவாக ஒரு பல் விழுந்திருந்தது. "எவனோ வெளம்பரத் தகரம் மாட்டறதுக்கு மரத்துல ஆணி அடிச்சிருக்கறானுங்க. காஞ்ச பன்னாடை தொங்கி ஆணிய மறைச்சிருந்துச்சு, அத அறுக்கப்போயிக் கத்தி பட்டுருச்சுங்க. கட்டையில தேச்சா இந்தப் பல்லு போறதுக்கு வாரமாயிருங்க. நான் பொழுதோட மரம் ஏறோணும். ஒரு வேளை சீவாம உட்டாப் பாளை அடைச்சுக்கும். தோப்புக்காரரு இப்பவே வேற ஆளு பாத்துட்டு இருக்கறாருங்க" என்றார். பேசும்போதெல்லாம் அவர் கண் கத்தி மேலேயே இருந்தது.

ஈஸ்வரி வழக்கம் போல, "எப்பிடிங்க சீவுவீங்க?" என்றாள். அவர் வெறும் கையைக் காற்றில் வைத்துச் சீவிக் காட்டினார். அவள் அந்த மணிக்கட்டையே பார்த்தாள். அப்புறம் கத்தியை எடுத்துக்கொண்டு மிசினுக்குப் போனாள். வாசலில் லாடக்காரர் ஒருவர் குளம்பு சீவுகிற கத்தியை வைத்துக்கொண்டு, "அம்மிணி, மாடு நிக்குதுங்க, வியாபாரி திட்டறானுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். அவளுக்கு இந்தப் பக்கமும் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பக்கமும் பார்க்க வேண்டும். காலையிலிருந்து லாடக்காரர்களின் கத்தியாக ஓட்டி ஓட்டி அந்த பெல்ட் வழவழத்துப் போயிருந்தது. தேய்ந்த பெல்ட் இரும்பை அறுக்காது, சூடேற்றும். மற்ற நாளாக இருந்தால் மாற்றியிருப்பாள்.

நான் என் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் பார்க்கிறவள்தானே! பல் போய்விட்டது. அவள் லாடக்காரருக்கு ஏதோ பதில் சொல்லத் தலையைத் திருப்பினாள். கை மட்டும் ஓர் இழுப்பு கூடுதலாக நின்றுவிட்டது. வாயில் ஓர் இடத்தில் வைக்கோல் நிறம் வந்தது. அது பழுத்தது. நகத்தளவு இடத்தில் மயில் கழுத்து நீலமாக நின்றது. நீலம் ஓடிவிட்டால் அந்த இடத்தில் இரும்பு செத்தது என்று அர்த்தம். எத்தனை தீட்டினாலும் அங்கே வாய் நிற்காது, மடங்கிக்கொள்ளும்.

ஈஸ்வரியும் பார்த்துவிட்டாள். தண்ணீரில் முக்கினாள். கை தானாக நைஸ் பெல்ட்டுக்குப் போயிற்று. இரண்டு இழுப்பில் நீலம் மறைந்துவிட்டது. மேலே உள்ள நிறம்தான் போகும், உள்ளே செத்தது செத்ததுதான். முன்கையில் ஒரு முடியைச் சிரைத்துப் பார்த்தாள், சிரைத்தது. கத்தி கண்ணாடியாக இருந்தது. கொண்டுவந்து பலகை மேல் வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

ஆறுச்சாமி கையை நீட்டினார். நான் கத்தி மேல் என் உள்ளங்கையை வைத்தேன். "பொறுங்க" என்றேன்.

உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் கடுகளவு குற்றம் தேடிக்கொண்டிருந்தவளுக்கு, கடவுளே, மலையளவு கிடைத்திருக்கிறது! நான் கையை எடுத்தால் போதும். கத்தி போகும். மூன்றாவது மரத்திலோ நாலாவது மரத்திலோ வாய் மடங்கும். பாளை நசுங்கும். நாளைக்கு விடிவதற்குள் எல்லை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சின்னம்மிணியின் பேர் நாறிவிடும். அப்புறம் வாசலில் வந்து யாரைக் கேட்பார்கள்? வேறு யார் இருக்கிறார்கள் கேட்பதற்கு?

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அவள் கெட்டுப்போனதால் என்னைக் கேட்பார்கள். சட்டி உடைந்தால் குண்டாவில் சமைப்பதில்லையா, அந்த மாதிரி. அப்படி ஒரு கேள்விக்கா நான் இத்தனை நாள் காத்துக்கொண்டிருந்தேன்? நான் அவளை ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தவள். அவள் நன்றாகத் தீட்டிக்கொண்டிருக்கும்போதே ஜெயிக்க வேண்டும். தேய்ந்த பெல்ட்டும் லாடக்காரர் கத்தலும் சேர்ந்து அவளைக் கவிழ்த்துவிட்டு, அந்த இடத்தில் என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் அது எனக்குக் கேவலம். அந்த மனுசனின் பிழைப்பும் என் உள்ளங்கைக்கு அடியில்தான் இருந்தது. ஆனால் அது எனக்கு இரண்டாவதாகத்தான் ஞாபகம் வந்தது. பொய் சொல்லி நல்ல பேர் வாங்குகிற வயது எனக்குத் தாண்டிவிட்டது.

"இது ஆகாதுங்க. வாய் சூடேறிப்போச்சு. நாங்க சூடேத்திப்போட்டோம்" என்றேன்.

ஆறுச்சாமி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். லாடக்காரர் கூட வாயை மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஈஸ்வரி முன்னால் வந்தாள். "அக்கா இல்லீங்க. நான்தானுங்க. தேஞ்ச பெல்ட்டு, நான் மாத்தியிருக்கோணும். நீலமோடுனத நைஸ் பெல்ட்டுல மறைச்சு வெச்சதும் நான்தானுங்க" என்றாள், அவ்வளவு பெரிய சந்தைக் கூட்டத்தின் நடுவில். கூட்டத்தில் ஒருத்தர் "அம்மிணிக்கு எத்தன நேர்மை பாத்தியா" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள்! தப்பைச் செய்தது அவள், கண்டுபிடித்தது நான், நல்ல பேர் அங்கேயும் அவளுக்கே போய்விட்டது.

"நகருடி" என்றேன். "புது பெல்ட்டு எடு. தண்ணிய மாத்து."

நான் ஓட்டினால் பொழுது போய்விடும் என்று சந்தையில் கேலி பேசுவார்கள். அன்றைக்கு வேண்டியது அந்த மெத்தனம்தான். செத்த இரும்பை எடுக்க வேண்டும். அந்த இடத்தை மட்டும் எடுத்தால் கத்தி குழி விழும், அதனால் வாய் முழுவதையும் முக்கால் நூல், ஒரு தீக்குச்சி கனம், பின்னால் தள்ள வேண்டும். ஓர் இழுப்பு, தண்ணீர். ஓர் இழுப்பு, தண்ணீர். விரலை வாய்க்கு அருகிலேயே வைத்துக்கொண்டேன். லாடக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போனார். இன்னும் நாலைந்து பேர் போனார்கள். போகட்டும் என்று விட்டேன். யாருக்காகவும் தலையைத் திருப்பவில்லை. ஆறுச்சாமி என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வோர் இழுப்புக்கும் தன் கை விரலையே பெல்ட்டில் வைத்த மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். "என்ற கத்தி இத்தன கொறைஞ்சு போச்சுங்களே" என்றார் ஒரு தடவை. "கொறைஞ்சுதானுங்க போச்சு. ஆனா இருக்கறது எல்லாம் உசுரோட இருக்குது" என்றேன்.

முடித்துப் பலகை மேல் வைத்தேன். ஈஸ்வரி எடுத்து, என்னைப் போலவே நகத்தில் இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் என் கத்தியைச் சோதித்தது அந்த ஒரு நாள்தான். தலையை ஆட்டினாள். ஆறுச்சாமி இடுப்பிலிருந்து பொடிப் பையை எடுத்து, மரக்கட்டையை மடியில் வைத்து, கடைசித் தேய்ப்பைத் தானே தேய்த்துக்கொண்டார். வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. அவர் பைக்கை எடுக்கும்போது ஈஸ்வரி தன் ஸ்கூட்டரில் பின்னாலேயே கிளம்பிவிட்டாள். "எங்கடி?" என்றேன். "தோப்புக்குங்கக்கா. சீவுதான்னு பாத்துட்டுத்தான் வருவேன்" என்றாள்.

இருட்டுக் கட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தாள். தலையெல்லாம் தென்னம்பாளைத் தூசி. ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, விழுகிற சீவலைப் பொறுக்கிப் பார்த்திருக்கிறாள். "நல்லா சீவுதுங்கக்கா. அந்த நகத்தளவு எடத்துலயும் சீவுது" என்றாள். "சீவாம என்ன பண்ணும்?" என்றேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு கடையைச் சாத்தினேன். மனசுக்குள் எனக்குத் தலை கால் புரியவில்லை. அடுத்த தடவை அந்த மனுசன் வரும்போது என்னைத்தான் கேட்பார், கேட்காமல் எங்கே போகப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கத்தி வாய் தடித்ததும் மறுபடி வந்தார் ஆறுச்சாமி. நான் பலகைப் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். நல்ல சேலை கட்டியிருந்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். வாசலில் நின்று, என்னைப் பார்த்துச் சிரித்து, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சின்னம்மிணி இல்லீங்களா?"

சிரிக்காதீர்கள். எனக்கு அழுகை வந்தது. மரத்தடியில் நின்று சீவல் பொறுக்கியவளைத்தான் அவருக்கு ஞாபகம் இருக்கிறது, கத்தியைக் காப்பாற்றியவளை இல்லை. அதற்குப் பிறகு அவர் எத்தனையோ தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி. நானும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கத்தியைப் பலகையில் வைத்து, வேண்டுமென்றே நேரம் எடுத்து, குற்றம் தேடிவிட்டுத்தான் கையை எடுப்பேன். அவரைக் காக்க வைப்பதில் எனக்கு ஒரு திருப்தி.

இதிலிருந்து உங்களுக்கு என்ன சொல்ல? பக்கத்து மிசினில் நிற்கிறவளைப் பார்த்து வயிறு எரிந்தால் எரியட்டும். அதற்காக யாரும் கோயிலுக்குப் போய் விளக்குப் போட வேண்டாம். அவள் கத்தியை எடுத்துப் பாருங்கள். பொறாமைக்காரியின் கண்ணுக்குத் தப்பிய பிசிறு உலகத்திலேயே கிடையாது. ஆனால் பார்த்ததைக் கத்தி பலகையில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். வீதிக்குப் போன பிறகு சொன்னால் அது புறணி. இன்னொன்று, நன்றாக ஓட்டுகிறவளுக்குத்தான் கூட்டம் சேரும், கூட்டம் சேருகிறவளுக்குத்தான் கை தவறும். அந்த நேரத்தில் அவளுக்கு உங்கள் கண் வேண்டும்.

தூசியால் இருமல் வந்து, மிசின் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் நின்றேன். குழுவில் டீயும் வடையும் வைத்து அனுப்பினார்கள். ஈஸ்வரி அழுதாள். வந்தவர்கள் எல்லாம் அவளைத் தேற்றினார்கள். வேலையை விட்டுப் போகிறவள் நான், ஆறுதல் அவளுக்கு! வீட்டுக்கு வந்து கடைப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்று இருந்துவிட்டேன்.

போன சந்தையன்று மத்தியானம் அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு குரல்.

"பெரியம்மிணி இருக்கறாங்களாங்க?"

அருவாமணையை மடக்கி வைக்கவும் தோன்றவில்லை. அப்படியே எழுந்து வந்தேன். ஆறுச்சாமி, துணியில் சுற்றிய கத்தியோடு, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, கடை அந்தப் பக்கம். அங்க சின்னம்மிணி இருப்பா" என்றேன்.

"அங்கிருந்துதானுங்க வர்றேன். சின்னம்மிணி தீட்டிக் குடுத்துருச்சு" என்றார்.

"அப்பறம் என்னங்க? எடுத்துட்டுப் போறதுதானே?"

"நீங்க இன்னும் பாக்கலீங்களே."

"நான் பாக்கறதுக்கு என்னங்க இருக்குது அதுல?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இதென்னங்க புதுசாட்டக் கேக்கறீங்க? நீங்க கையெடுக்காம நான் எப்பங்க பலகையிலிருந்து கத்திய எடுத்திருக்கறேன்? நான் மட்டுமில்லீங்க, அந்தச் சமையல்காரரு, லாடக்காரரு, எல்லாருமே அப்பிடித்தானுங்க. சின்னம்மிணி தீட்டோணும், பெரியம்மிணி பாக்கோணும். இன்னிக்குப் பலகைப் பக்கம் உங்க எடம் காலியா இருந்துச்சு. எடுக்கறதுக்குக் கை வரலீங்க. 'ஊட்டுக்கே கொண்டுட்டுப் போங்க, அக்கா பாக்காம குடுத்தா எனக்கே பயமாத்தான் இருக்குது'ன்னு சின்னம்மிணிதான் வழி சொல்லி உட்டுது" என்றார்.

எத்தனை வருசம் அந்த மனுசர்களெல்லாம் எனக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். முன்னால் நின்று என் கைக்காகக் காத்திருந்ததை ஒரு நாளாவது பார்த்தேனா? பலகைப் பக்கம் இப்போது யாரும் இல்லை. உங்களில் எவளுக்கு ஈஸ்வரியைப் பார்த்தாலே வயிறு காந்துகிறதோ அவள் நாளைக்குப் போய் அங்கே உட்காரட்டும்.

"அந்தத் தொவைக்கிற கல்லு மேல வெய்யுங்க" என்றேன். வைத்தார். எடுத்து நகத்தில் இழுத்தேன். வெயிலில் பிடித்து, அடியிலிருந்து நுனி வரைக்கும் தேடினேன். பிசிறு இல்லை. நிறம் இல்லை. முக்கால் நூல் குறைந்த அந்தக் கத்தியின் வளைவைக் கூட அவர் மணிக்கட்டுக்கு ஏற்ற மாதிரி அவள் திரும்பக் கொண்டுவந்திருந்தாள். மறுபடியும் முதலிலிருந்து தேடினேன். அடுப்பில் குழம்பு கொதித்து வழிகிற சத்தம் கேட்டது. கடுகளவு கிடைக்கவில்லை, பாவி. பழைய எரிச்சல் அப்படியே திரும்ப வந்துவிட்டது.

கத்தியைக் கல் மேல் வைத்துக் கையை எடுத்தேன். அதற்கப்புறம்தான் ஆறுச்சாமி அதைத் தொட்டார். துணியில் சுற்றிக்கொண்டே, "சின்னம்மிணி கேக்குங்க, என்ன சொல்லட்டும்?" என்றார்.

"சரியா இருக்குதுன்னு சொல்லுங்க" என்றேன். அவர் கேட்டைத் திறப்பதற்குள் மறுபடியும் கூப்பிட்டேன். "ஏனுங்க, நல்லா இருக்குதுன்னு மட்டும் சொல்லிராதீங்க."